பர்ன்ஸ் விருந்து, பிரிஜிட் சிலுவை, டார்டன் நாள்: எங்கள் ஊர் கெல்டிக் பெண்கள் குழுவின் கூட்டங்களுக்குப் போகலாமா?

லீஹை_லதா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நட்புகளே. நான் இருப்பது பென்சில்வேனியாவில் லீஹை பள்ளத்தாக்கு, பெத்லகேமை ஒட்டிய சின்ன ஊர். எதிர் வீட்டு அம்மா இங்கே ஒரு கெல்டிக் மரபுப் பெண்கள் குழுவில் பொறுப்பில் இருக்கிறார். ஐரிஷ், ஸ்காட்டிஷ், வெல்ஷ் வம்சாவளிப் பெண்கள் சேர்ந்து நடத்துவது. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் கூடுகிறார்கள். வருகிற மாதங்களுக்கான நிகழ்ச்சி நிரலை அச்சடித்துக் கையில் கொடுத்து, "நீயும் வா, மகளையும் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நிரல் இதுதான். ஜனவரி கடைசிச் சனி மாலை, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக பர்ன்ஸ் விருந்து. பிப்ரவரி முதல் ஞாயிறு அயர்லாந்தின் புனித பிரிஜிட் நாள், சிலுவை பின்னுவது. மார்ச் தொடக்கத்தில் வேல்ஸின் புனித டேவிட் நாள் மதிய உணவும் கூட்டுப் பாட்டும். மார்ச் 17 பேட்ரிக் நாள் ஊர்வலத்தில் குழுவாக நடப்பது. ஏப்ரல் 6-ஐ ஒட்டி டார்டன் நாள் (டார்டன் என்றால் ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட கம்பளித் துணி), அன்று 'வாக்கிங் பாட்டு' என்று போட்டிருக்கிறது. நடக்கிற வாக்கிங் இல்லையாம், துணி அடிக்கிற ஏதோ ஒன்றாம்.

நாங்கள் சைவம். அங்கே சாப்பிட ஏதாவது கிடைக்குமா? எங்களுக்கு இந்த வம்சாவளி ஒன்றும் கிடையாது, போய் உட்கார்ந்தால் ஒட்டாமல் இருக்குமா? அப்புறம், எல்லாவற்றுக்கும் போக முடியாது, இரண்டுக்குத்தான் நேரம் கிடைக்கும். எந்த இரண்டு?

சும்மா_சுந்தர்

விஸ்கி இருந்தால் முதலாவது. மற்றபடி கில்ட் என்ற மடிப்புப் பாவாடை கட்டிய ஆண்கள், பேக்பைப், கட்டை தூக்கி எறிவது, இதில் பெண்கள் குழுவுக்கு என்ன வேலை என்று தெரியவில்லை.

சீரியஸாகச் சொன்னால், 'கெல்டிக் மரபு' என்பதே பின்னால் ஒட்டிய பெயர். ரோமானியர் காலத்தில் பிரிட்டன் தீவுக்காரர்களை யாரும் கெல்ட் என்று அழைக்கவில்லை. 1707-இல் எட்வர்ட் லூயிட் என்ற வெல்ஷ் அறிஞர் ஐரிஷ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் மொழிகளை ஒப்பிட்டு ஒரே குடும்பம் என்று காட்டிய பிறகுதான் அந்தப் பெயர் மக்கள் மேல் ஏறியது. குலத்துக்கு ஒரு டார்டன் என்பதும் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய டார்டன் திருவிழாவுக்குப் பிறகு சூடு பிடித்த வியாபாரம். இதற்கு ஒரு மதியத்தைச் செலவழிக்க வேண்டுமா?

கிளாஸ்கோ_கீதா

சுந்தர், நீங்கள் சொன்ன ஆண்டுகள் எல்லாம் சரிதான். ஆனால் கில்ட்டைப் பார்த்துவிட்டு பெண்களுக்கு என்ன வேலை என்று கேட்பது சரியில்லை. ஹைலேண்ட் என்ற ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையைத் தடை செய்த 1746 சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ஸ்காட்லாந்தில் எந்த ஆணும் சிறுவனும் அதை அணியக் கூடாது என்றுதான். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு விலக்கு. பெண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 1782-இல் அது ரத்தாகும்வரை 30 வருடத்துக்கும் மேலாக, பட்டாளத்துக்கு வெளியே டார்டனை எந்த பயமும் இல்லாமல் போர்த்திக்கொண்டு சந்தைக்குப் போகக்கூடியவர்கள் பெண்கள்தான். நூற்றதும் சாயம் போட்டதும் அவர்களே. டார்டன் நாளில் இதைப் பேசாமல் கட்டை எறிவதைப் பற்றி மட்டும் பேசுவார்கள், அது எனக்கு எப்போதும் எரிச்சல்.

லதா, சாப்பாட்டுக் கேள்விக்கு வருகிறேன். பர்ன்ஸ் விருந்தின் நாயகன் ஹாக்கிஸ். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸ், வெங்காயம், கொழுப்போடு ஆட்டின் இரைப்பையில் அடைத்து அவிப்பது. அமெரிக்காவில் 1971 முதல் நுரையீரலை உணவில் சேர்க்கத் தடை, அதனால் அங்கே செய்வது நுரையீரல் இல்லாத ஹாக்கிஸ். எப்படி இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. ஆனால் சைவ ஹாக்கிஸ் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. எடின்பரோவில் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் திறந்த 1984-இல் மக்ஸ்வீன் என்ற கறிக்கடைக் குடும்பம் அதற்காகவே செய்து கொடுத்தது. பயறு, பீன்ஸ், ஓட்ஸ், காளான், தூக்கலாக மிளகு. கூடவே நீப்ஸ், டாட்டீஸ். அதாவது மசித்த ரூட்டபாகாவும் (டர்னிப் மாதிரிக் கிழங்கு) உருளைக்கிழங்கும். முன்கூட்டியே சொன்னால் தனியாக வைத்திருப்பார்கள்.

லீஹை_லதா

ஆஹா, சைவ ஹாக்கிஸ்! விருந்தில் கவிதை எல்லாம் படிப்பார்களாமே, எவ்வளவு நேரம் ஆகும்? மகளுக்கு ஒன்பது வயது, ஒன்பது மணிக்கு மேல் தாங்க மாட்டாள்.

கிளாஸ்கோ_கீதா

நீளும். பர்ன்ஸ் பிறந்தது 1759 ஜனவரி 25. அவர் இறந்து ஐந்தாம் ஆண்டில், 1801 ஜூலையில், ஒன்பது நண்பர்கள் அவர் பிறந்த ஆலோவே குடிசையில் கூடிச் சாப்பிட்டது முதல் விருந்து. அன்றைக்கும் ஹாக்கிஸ் இருந்தது, அதைப் போற்றி பர்ன்ஸ் எழுதிய கவிதையும் படித்தார்கள். இன்றைக்கு பைப் ஊதிக்கொண்டு ஹாக்கிஸைத் தட்டில் ஏந்தி வருவார்கள், கவிதை சொல்பவர் பாதியில் கத்தியை எடுத்து ஒரே குத்து, ஆவி பறக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதன் பிறகு வருவது உரைகள். 'பெண்களுக்கு வாழ்த்து' என்று ஒரு ஆண் எழுந்து கேலி பேசுவார், ஒரு பெண் எழுந்து பதிலடி கொடுப்பார். வெகுகாலம் பல சங்கங்களில் இந்த விருந்து ஆண்களுக்கு மட்டும்தான், பெண்களே இல்லாத அறையில் பெண்களுக்கு வாழ்த்து! பெண்கள் குழு நடத்தும் விருந்தில் அந்த இரண்டு உரைகளையும் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க எனக்கே ஆசை. ஆனால் ஒன்பது வயதுக்கு வேண்டாம்.

நியூஜெர்சி_நந்தன்

வேறு ஒரு விஷயம். இதை யாராவது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 'கெல்டிக்', 'வம்சாவளி', 'மரபு' என்ற சொற்கள் ஒன்றாக வந்தால் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பேன். வட்டத்துக்குள் சிலுவை போட்ட குட்டைக் கெல்டிக் சிலுவையை வெள்ளை இனவெறிக் கும்பல்கள் தங்கள் சின்னமாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. லதாவின் எதிர் வீட்டு அம்மாவைச் சொல்லவில்லை. போவதற்கு முன் குழுவின் உறுப்பினர் விதி என்ன என்று கேட்டுவிடுவது நல்லது.

ஈஸ்டன்_மாமி

நந்தன், ஜாக்கிரதை இருக்கட்டும், ஆனால் எங்கள் ஊரைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நான் இந்தப் பகுதியில் பல வருடமாக இருக்கிறேன். நம் வடக்கே இருப்பது ஸ்லேட் பெல்ட். கூரைக்குப் போடும் ஸ்லேட் கல் வெட்ட வேல்ஸிலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர் பாங்கர். வேல்ஸில் இருக்கும் பாங்கரின் பெயரேதான், அங்கிருந்து வந்த ராபர்ட் ஜோன்ஸ் என்ற குவாரிக்காரர் உருவாக்கிய ஊர். பக்கத்தில் பென் ஆர்கில். அங்கே கார்ன்வால் சுரங்கக்காரர்கள் கொண்டுவந்த பேஸ்டி இன்றைக்கும் ஊர்ச் சாப்பாடு. மைதா மாவுக்குள் மாட்டிறைச்சி, உருளை, வெங்காயம் வைத்து விளிம்பை முறுக்கிச் சுடுவது. பெத்லகேமில் 1988 முதல் செப்டம்பர் கடைசியில் கெல்டிக் கிளாசிக் விழா, நம் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே பேக்பைப் பார்த்து வளர்ந்தவர்கள். இதெல்லாம் குவாரிக்காரர், சுரங்கக்காரர், வீட்டு வேலைக்காரப் பெண்கள் கொண்டுவந்த மரபு.

விதி ஒவ்வொரு குழுவுக்கும் வேறு. ஹைபர்னியன்ஸ் சங்கத்தின் பெண்கள் பிரிவு, 1894-இல் தொடங்கியது, அது ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்களுக்கானது, வெளிப்படையாகவே சொல்வார்கள். லதா சொல்வது பல கொடிவழிகள் கலந்த உள்ளூர்க் குழு. அழைப்பே வந்திருக்கிறது, உறுப்பினர் ஆகச் சொல்லவில்லையே, சாப்பிட வா என்றுதானே சொன்னார்!

நியூஜெர்சி_நந்தன்

சரி மாமி. கேட்டுவிட்டுப் போகச் சொன்னேன், போகாதே என்று சொல்லவில்லை.

டப்ளின்_மழை

நான் பிரிஜிட் நாளுக்கு ஓட்டு. அதுவும் ஒன்பது வயது மகளோடு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

2023 முதல் அயர்லாந்தில் இது பொது விடுமுறை. பெயரில் ஒரு பெண் இருக்கிற முதல் பொது விடுமுறை இங்கே இதுதான். பேட்ரிக்குக்கு நூறு வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது, பிரிஜிட்டுக்கு இப்போதுதான். பிப்ரவரி 1, இம்போல்க் என்ற பழைய வசந்தத் தொடக்க நாளும் அதுவே, செம்மறி ஆடுகள் பால் சுரக்கத் தொடங்கும் நேரம். கில்டேரில் பிரிஜிட்டின் மடத்தில் கன்னியர்கள் அணையாத நெருப்பைக் காத்தார்கள் என்று 12-ஆம் நூற்றாண்டில் ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் எழுதியிருக்கிறார். பத்தொன்பது பேர் இரவுக்கு ஒருவராகக் காப்பார்களாம், இருபதாம் இரவு விறகை வைத்துவிட்டு "பிரிஜிட், உன் முறை" என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். நெருப்பு அணையாதாம். அந்தச் சுடரை 1993-இல் பிரிஜிடைன் சகோதரிகள் கில்டேரில் மறுபடி ஏற்றினார்கள்.

சிலுவை பின்னுவது இப்படி. நாணல் வேண்டும், இங்கே வயல் ஓரத்தில் வளரும் பச்சைக் கோரை மாதிரி. வெட்டாமல் பிடுங்க வேண்டும் என்பது வழக்கம். ஒன்றை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை நடுவில் மடித்து அதன் மேல் மாட்டி வலப் பக்கம் இழுங்கள். முழுவதையும் கால் திருப்பம் திருப்புங்கள். அடுத்ததை மடித்து, முந்தியதின் இரண்டு கால்களுக்கும் மேலாக மாட்டுங்கள். மறுபடி திருப்பம். நடுவில் ஒரு சதுரம் தானாக உருவாகிக்கொண்டே வரும். இறுக்கிப் பிடிக்கிற கட்டைவிரல்தான் முக்கியம், விட்டால் எல்லாம் அவிழ்ந்து விடும். போதும் என்று தோன்றும்போது நான்கு முனைகளையும் நூலால் கட்டி ஒரே அளவில் நறுக்கிவிடலாம். கதவுக்கு மேல் மாட்டினால் வீட்டில் தீ பிடிக்காது என்று நம்பிக்கை. உங்கள் ஊரில் பிப்ரவரியில் பனிக்குள் நாணல் தேட முடியாது, கோதுமைத் தாளை ஊற வைத்தோ கைவினைக் கம்பியிலோ செய்வார்கள். குழந்தைக்குக் கம்பிதான் சுலபம்.

சும்மா_சுந்தர்

புனிதரா, தேவதையா? கோர்மாக்கின் பழைய ஐரிஷ் சொல்லகராதியில் பிரிஜிட் கவிஞர்கள் வழிபட்ட தெய்வம், தாக்டா என்ற பழைய ஐரிஷ் கடவுளின் மகள். அதே பெயரில் இரண்டு சகோதரிகள், ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லர் வேலைக்கு. தேவாலயம் தெய்வத்துக்கு முக்காடு போட்டுப் புனிதர் ஆக்கிவிட்டது, அவ்வளவுதானே?

டப்ளின்_மழை

'அவ்வளவுதானே' என்று முடிக்க முடியாது சுந்தர். அந்த அகராதி ஏறத்தாழ கி.பி. 900. கில்டேர் மடத்தின் பிரிஜிட்டைப் பற்றி கோகிடோசஸ் என்ற துறவி எழுதியது 7-ஆம் நூற்றாண்டில். எழுத்தில் புனிதர்தான் முதலில் வருகிறார், தெய்வம் பின்னால். அதனால் தெய்வம் பொய் என்றும் ஆகாது, பழையது பின்னால் எழுதப்படலாம். இங்கே ஒரே கூடத்தில் ஜெபமாலை வைத்திருக்கிற பாட்டியும் தெய்வத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறார்கள், யாரும் சண்டை போடவில்லை.

இன்னொன்றையும் உங்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள் லதா. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'பிரிஜெட்' என்றாலே ஐரிஷ் வேலைக்காரி. பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் சமையலைக் கருக்குகிற, தட்டை உடைக்கிற பெண்ணுக்கு அந்தப் பெயர்தான். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள், பெரும்பாலும் கல்யாணம் ஆகாதவர்கள், தனியாக. அடுத்தவர் வீட்டில் துணி துவைத்து, அடுப்பு துடைத்து ஊருக்குப் பணம் அனுப்பி, அதில் தங்கைக்கு டிக்கெட் எடுத்தவர்கள். கேலிக்குப் பயந்து பலர் அந்தப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். இன்று அதே பெயருக்கு ஒரு நாள் வைத்து அவர்களின் கொள்ளுப்பேத்திகள் கூடுகிறார்கள் என்றால், அது 1822-இல் யாரோ தைத்துக் கொடுத்த கில்ட் கதை இல்லை.

நெறியாளர்

மதம் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். லதாவின் கேள்வி, எந்த இரண்டு கூட்டம் என்பது. அதை ஒட்டிப் பேசுங்கள்.

கார்டிஃப்_கனி

தாமதமாக வருகிறேன். டேவிட் நாளை யாரும் கண்டுகொள்ளவில்லையே!

மார்ச் 1. சட்டையில் டாஃபடில் பூ அல்லது லீக் (வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்). சிறுமிகள் உயரமான கறுப்புத் தொப்பி, சிவப்புச் சால்வை. (சுந்தர் வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அந்த உடையைத் 'தேசிய உடை' ஆக்கியதில் பெரும்பங்கு லேடி லானோவர் என்ற பணக்காரச் சீமாட்டிக்கு. 1834-இல் கார்டிஃப் ஐஸ்டெத்ஃபோட் என்ற வெல்ஷ் கலை இலக்கிய விழாப் போட்டியில் வெல்ஷ் மொழியையும் உடையையும் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினவர். கிராமத்துப் பெண்கள் ஏற்கெனவே உடுத்திக்கொண்டிருந்ததை எடுத்து அலங்காரம் செய்து மேடையேற்றினார்.)

லதா, உணவில் ஒரு எச்சரிக்கை. கவ்ல் என்பது ஆட்டுக்கறி அல்லது மாட்டுக்கறிக் கஞ்சி, லீக் போட்டது. கறி போடாமல் செய்தாலும் எலும்புச் சாறு இருக்கும். வெல்ஷ் கேக் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் பழைய பக்குவத்தில் வெண்ணெயோடு பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள், முட்டையும் உண்டு. கேட்டுக்கொள்ளுங்கள். வெண்ணெயில் மட்டும் செய்தது என்றால் விடாதீர்கள். மாவு, சர்க்கரை, வெண்ணெய், உலர்திராட்சை, கொஞ்சம் ஜாதிக்காய், சுண்டுவிரல் கனத்துக்குத் தேய்த்து வட்டமாக வெட்டி இரும்புக் கல்லில் சுடுவது. நம் தோசைக்கல்லே போதும், நான் அதில்தான் போடுகிறேன். தீ குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே கருகி உள்ளே பச்சை மாவு. இரண்டு பக்கமும் பழுப்பானதும் சூட்டோடு சர்க்கரையில் புரட்ட வேண்டும்.

கூட்டுப் பாட்டு என்று நிரலில் போட்டிருப்பது கமான்வா கானி ஆக இருக்கும். தேவாலயப் பாடல்கள்தான், ஆனால் மேடையில் ஒரு குழு பாட மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பது இல்லை. வந்த எல்லோருமே பாடகர்கள். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று குரல் வாரியாக உட்கார்ந்து நான்கு குரலில் பாடுவது. வட அமெரிக்கா முழுவதற்குமான கமான்வா முதலில் நடந்தது 1929-இல் நயாகராவில், கோட் தீவில். பாட்டுத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆல்டோ வரிசையில் யாராவது ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டே பாடுங்கள்.

அப்புறம் 'ஒட்டுமா' என்ற கேள்வி. எனக்கு இங்கே மெர்ஹெட் அ வௌர் கிளை ஒன்றைத் தெரியும், 'விடியலின் பெண்கள்' என்று பொருள். பிரிட்டனின் முதல் பெண்கள் கழகக் கிளை 1915-இல் தொடங்கியது வேல்ஸில்தான், ஆங்கிள்சியில் உள்ள ஒரு கிராமத்தில். அதே கழகம் பின்னால் அலுவல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்று பிடிவாதம் பிடித்தது. பாலாவுக்குப் பக்கத்தில் பார்க் என்ற சின்ன ஊர்ப் பெண்கள் அதை விட்டு வெளியேறி 1967-இல் இதைத் தொடங்கினார்கள். எல்லாமே வெல்ஷ் மொழியில். அதன் முதல் செயலர் சோனியா போவன் பிறப்பால் ஆங்கிலேயர், வெல்ஷ் கற்றுக்கொண்டு வந்தவர்.  வம்சாவளி இல்லாதவர் தொடக்கத்திலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நானும் அங்கே போய்த் தட்டுத் தடுமாறி வெல்ஷில் பேசுகிறேன், யாரும் என் தாத்தா யார் என்று கேட்டதில்லை. பனெட், அதாவது டீ, இன்னொன்று வேண்டுமா என்றுதான் கேட்பார்கள்.

ஈஸ்டன்_மாமி

கனி, இந்தக் கல்லுச் சமாசாரம் எனக்குப் புதுசு. நாளைக்கே போடுகிறேன்.

கிளாஸ்கோ_கீதா

டார்டன் நாளை விட்டுவிடாதீர்கள், அந்த 'வாக்கிங்' என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 6 என்பது 1320-இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப்புக்கு எழுதிய ஆர்ப்ரோத் சாசனத்தின் தேதி. 1998-இல் அமெரிக்க செனட் அதை டார்டன் நாள் ஆக்கியது. சாசனத்தில் முத்திரை பிரபுக்களுடையது, கொண்டாட்டமும் பெரும்பாலும் ஆண்கள் ஊர்வலம். உங்கள் குழு அன்றைக்கு வாக்கிங் பாட்டு வைத்திருப்பது ரொம்பப் புத்திசாலித்தனம்.

தறியிலிருந்து வந்த கம்பளித் துணி தளர்வாக இருக்கும். அதைச் சுருக்கி இறுக்கினால்தான் காற்று, மழை தாங்கும். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்கள் நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, நனைந்த துணியை வட்டமாக வைத்து, ஒரே தாளத்தில் பலகையில் அடித்து அடித்து இடப்பக்கம் தள்ளுவார்கள். ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பல்லவி சொல்வார்கள். துணியை ஊற வைத்தது பழைய மூத்திரத்தில், அதிலுள்ள அம்மோனியா சாயத்தைப் பிடித்து வைக்கும் என்பதற்காக. (உங்கள் கூடத்தில் வெந்நீரும் சோப்பும்தான், பயப்பட வேண்டாம்.) பாட்டில் காதல், கேலி, ஊர் வம்பு, கடலில் போனவனுக்கு அழுகை, எல்லாம் வரும். ஆண்களுக்கு அங்கே இடமில்லை, எட்டிப் பார்த்தவனைப் பிடித்து வம்பு செய்த கதைகள் ஏராளம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போன, கேலிக் மொழி பேசும் ஸ்காட்டிஷ் மக்கள் இதை 'மில்லிங்' என்று தொடர்ந்தார்கள், அங்கே ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மகள் பலகையில் அடிக்கட்டும். மோதிரம், வளையல் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், ஈரக் கம்பளியில் மாட்டும்.

சும்மா_சுந்தர்

இதைப் பார்க்க நானும் வரலாமா?

கிளாஸ்கோ_கீதா

எட்டிப் பார்த்தவன் கதையைச் சொன்னேனே.

லீஹை_லதா

எதிர் வீட்டு அம்மாவிடம் கேட்டுவிட்டேன். உறுப்பினர் சந்தா கட்டினால் ஓட்டுப் போடலாம், கூட்டத்துக்கு யாரும் வரலாம், ஊர்வலத்தில் குழுப் பட்டை அணிந்து நடக்க மட்டும் உறுப்பினராக இருக்க வேண்டுமாம். வம்சாவளிக் கேள்வி படிவத்தில் இருக்கிறது, ஆனால் விருப்பப்பட்டால் நிரப்பலாம் என்று அடியில் போட்டிருக்கிறது. நந்தன், உங்களுக்காகத்தான் படிவத்தை வாங்கி வாசித்தேன்.

பிரிஜிட் சிலுவையும் டார்டன் நாளும் என்று முடிவு. பர்ன்ஸ் இரவுக்கு வீட்டுக்காரரை அனுப்பப் பார்க்கிறேன், 'பெண்களுக்கு வாழ்த்து' சொல்ல ஆண் ஆள் கிடைக்கவில்லையாம், அவர் தலை தப்பாது. டேவிட் நாளுக்கு வர முடியாது, ஆனால் வெல்ஷ் கேக் கொடுத்து அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கனி, முட்டை இல்லாமல் வருமா?

கார்டிஃப்_கனி

வரும். முட்டைக்குப் பதில் இரண்டு மூன்று தேக்கரண்டி பால், மாவு சேர்ந்து வந்ததும் நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் தேயுங்கள், இல்லாவிட்டால் கல்லில் போடும்போது உடையும். எத்தனை பேருக்கு?

லீஹை_லதா

நாற்பது பேர் வருவார்களாம்.

ஈஸ்டன்_மாமி

என்னிடம் பெரிய கல் இருக்கிறது. முந்தின நாள் மாலை வா.